மடக்கு இருக்கை

அன்று காலை என் கணவர் நகவெட்டியைத் தேடிக்கொண்டிருந்தார். மாதத்துக்கு இரண்டு தடவையாவது அது காணாமல் போகும். போனால் நான்தான் எடுத்தேன் என்பார்.

"ஏர்போர்ட்ல ஜனங்ககிட்ட பிடுங்கறது பத்தாதா? வீட்லயும் ஆரம்பிச்சுட்டியா?"

"பிடுங்கறது செக்யூரிட்டி. நான் கேட். எத்தன வருஷம் சொன்னாலும் மண்டைல ஏறாதா உங்களுக்கு?"

குளியலறை அலமாரியில், சீப்புக்கு அடியில் கிடந்தது. எடுத்துக் கொடுத்தேன். ஜன்னலோரம் ஒரு செய்தித்தாளை விரித்து உட்கார்ந்து இடது கை முழுவதையும் வெட்டி முடித்தார். வலது கைக்கு மாறும்போது தொலைபேசி அடித்தது. வாரத்தில் மூன்று நாள் அவர் இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்ள, இரண்டு வருடமாக நாங்கள் காத்திருந்த அழைப்பு அது. பெருநகரத்து மருத்துவமனையில் அவருக்குப் பொருந்தும் சிறுநீரகம் ஒன்று வந்திருக்கிறது, மாலை ஆறு மணிக்குள் வந்து சேர வேண்டும் என்றார்கள். அப்போது மணி ஒன்பதரை.

அவர் செய்தித்தாளை நகத்தோடு அப்படியே மடித்தார். "மிச்சத்த அங்க போய் வெட்டிக்கறேன்" என்றார்.

ஐயா, விசாரிக்க வந்த நீங்கள் என்னிடம் மூன்று கேள்விகள் கேட்டுவிட்டு, வெள்ளைத் தாளும் பேனாவும் கொடுத்து, உங்கள் சொந்த வார்த்தையில் எழுதுங்கள் என்று சொல்லிப் போனீர்கள். வரிசைப்படி செய்வது என் பழக்கம். ஆனாலும் உங்கள் மூன்றாவது கேள்விக்குக் கடைசியில்தான் பதில் எழுத முடியும். என் கணவர் பட்டியலில் அடுத்ததாக நின்றார் என்று அந்த விமானிக்குத் தெரியுமா என்று கேட்டீர்கள். அதற்கு வருகிறேன்.

நீங்கள் இந்தத் துறையைச் சேர்ந்தவர் அல்ல. அதனால் பட்டியலைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் நிறுவனத்தில் வேலை செய்கிறவர்களும் அவர்கள் குடும்பத்தாரும் காலி இருக்கையில் இலவசமாகப் போகலாம். காலி இருந்தால் மட்டும். கதவு மூடுவதற்குப் பத்து நிமிடம் முன்பு, பயணிகளை ஏற்றிவிடும் வாயிலில் நிற்கும் என் கணினியில் அந்தப் பட்டியல் இறுதியாகும். முதலில், நிறுவனமே வேலைக்காக அனுப்புகிறவர்கள். அடுத்து, ஓரூரில் வீடும் வேறூரில் பணியுமாக இருந்து, தங்கள் பொறுப்பில் வேலைக்குப் போய்ச் சேர வேண்டிய விமானிகள். அதற்குப் பிறகு விடுப்பில் போகும் ஊழியர். பிறகு கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள். எல்லோருக்கும் பின்னால் பெற்றோர். ஒரே படியில் இரண்டு பேர் இருந்தால் யார் வீட்டு ஊழியருக்குப் பணிக்காலம் அதிகமோ அவர் முன்னால். என் மாமியார் ஒரு முறை இரண்டு விமானங்களைத் தவறவிட்டு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தார். "மருமக வேல பாக்கற எடத்துல எனக்குக் கடைசி பெஞ்சு" என்று அதன் பிறகு எல்லா உறவினரிடமும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

இன்னொன்றும் உண்டு. விமானி அறையில் இரண்டு விமானிகளுக்கும் பின்னால், சுவரோடு மடித்து வைத்த ஓர் இருக்கை இருக்கிறது. தலை சாய்க்க முடியாது, முழங்கால் இடிக்கும். உரிமம் உள்ள விமானி மட்டும், அந்த விமானத்தின் தலைமை விமானி சம்மதித்தால் மட்டும், அதில் உட்காரலாம். காத்திருக்கும் விமானி அதற்குப் போய்விட்டால் பயணிகள் பகுதியில் ஓர் இருக்கை மிச்சமாகும். பட்டியலில் அடுத்தவர் ஏறிவிடலாம். அப்படிப் போக வேண்டும் என்று எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லை. நல்ல விமானிகள் கேட்டுவிட்டுப் போவார்கள்.

அன்று காலை பத்து மணிக்கு நான் பார்த்தபோது மதியம் ஒன்று நாற்பது விமானத்தில் ஏழு இருக்கைகள் காலி. பட்டியலில் ஒரே ஒரு விமானி. அவருக்கு அடுத்து என் கணவர்.

"ஒரு டிக்கெட் வாங்கிடலாமா?" என்று கேட்டார்.

நான் சிரித்தேன். "ஏழு சீட் காலி இருக்கு. எதுக்குங்க டிக்கெட்டு? நான் இருக்கேன்ல."

இதை நீங்கள் புரிந்துகொள்வது கடினம். இருபத்திரண்டு ஆண்டுகளில் எங்கள் வீட்டில் யாரும் டிக்கெட் வாங்கியதில்லை. விமான நிறுவனத்துக்காரர்கள் டிக்கெட் வாங்குவது, சமையல்காரர் தன் வீட்டுக்குச் சாப்பாடு வாங்கிப் போவது மாதிரி. வெட்கம்கூட இல்லை, தோன்றவே தோன்றாது. சாலை வழியாகப் போனால் மலைப்பாதையில் ஏழு மணி நேரம். பத்தரைக்குக் கிளம்பியிருந்தால் ஐந்தரைக்குச் சேர்ந்திருக்கலாம். அவர் உடம்பு அந்த வளைவுகளைத் தாங்காது என்று நான்தான் சொன்னேன். ஒரு மணி நேர விமானம், அங்கே இறங்கினால் கொழுந்தனார் வண்டியோடு நிற்பார். நான் மறுநாள் காலை போய்ச் சேர்ந்துகொள்வதாக ஏற்பாடு. எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

பதினொன்றரைக்கு வேறொரு நிறுவனத்தின் விமானம் ரத்தானது. அதன் பயணிகள் எங்கள் கவுண்டருக்கு ஓடி வந்தார்கள். பன்னிரண்டரைக்குள் ஆறு இருக்கைகள் விற்றுவிட்டன. மிச்சம் ஒன்று.

ஒன்றுதான், விமானிக்குப் போகும். ஆனால் டிக்கெட் வாங்கிய ஒருவர் அதுவரை வரவில்லை. வராதவர் வரமாட்டார் என்பது எனக்குத் தெரியும். இத்தனை ஆண்டுகளில், கடைசிக் கால்மணி நேரத்துக்கு முன்னால் முகம் காட்டாத பத்துப் பேரில் ஒன்பது பேர் வந்ததில்லை. அந்த இருக்கை என் கணவருக்கு என்று மனதில் எழுதிவிட்டேன்.

கூடத்தில் மூன்றாவது வரிசையில், மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் பார்க்கும்போதெல்லாம் கட்டைவிரலை மட்டும் உயர்த்திக் காட்டினார். அந்தக் கையில்தான் நகம் வெட்டாமல் இருந்தது.

ஒன்று இருபத்தெட்டுக்கு விமானிக்கு அட்டை கொடுத்து அனுப்பினேன். ஒன்று முப்பத்தொன்றுக்கு அந்த ஒன்பதில் சேராத பத்தாமவர் வந்தார். கையில் ஒரு காலணி, காலில் ஒரு காலணி. பாதுகாப்புச் சோதனையிலிருந்து அப்படியே ஓடி வந்திருந்தார். அவரிடம் டிக்கெட் இருந்தது. கதவு திறந்திருந்தது. அவரை உள்ளே விட்டேன். பிறகு கதவை மூடினேன். விமானம் இரண்டு நிமிடம் முன்னதாகவே நகர்ந்தது.

என் கணவர் எழுந்து என் மேசைக்கு வந்தார். கண்ணாடி வழியாக விமானம் திரும்புவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"பரவால்ல, விடு. அடுத்த தடவ டிக்கெட் வாங்கிடலாம்" என்றார்.

அன்று ஆறு மணிக்குள் போய்ச் சேர வேறு விமானம் இல்லை. மருத்துவமனையிலும் ஒரு பட்டியல் உண்டு. அது அடுத்தவருக்குப் போனது. அவர் யாரென்று தெரியாது, அவர்மேல் எனக்கு வருத்தமும் இல்லை. அடுத்தவருக்குப் போவதுதான் முறை. என் கணவர் அதற்குப் பின் ஏழு வாரம் இருந்தார்.

இப்போது விமானியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் துணை விமானிதான், ஆனாலும் தரையில் வேலை பார்க்கும் நாங்கள் எல்லா விமானிகளையும் கேப்டன் என்றுதான் கூப்பிடுவோம். "கம்பெனி குடுக்கலைன்னாலும் நீங்க ப்ரொமோஷன் குடுத்துடறீங்க" என்பார். முப்பத்து நான்கு வயது. மனைவிக்கு இந்த ஊர்ப் பள்ளியில் வேலை, நோயாளியான மாமனார் கூடவே இருந்தார், அதனால் வீடு இங்கே. பணி பெருநகரத்தில். வாரம் ஒருமுறையாவது என் வாயிலுக்கு வந்து, பட்டியலில் நின்று, போய்ச் சேர வேண்டும்.

என் கணவரின் இறப்புக்கு அவர் வந்தார். சீருடையோடு, நேராக விமானத்திலிருந்து. கதவருகே செருப்பு வைக்க இடமில்லாமல் ஷூவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அதுவரை மேடம் என்று கூப்பிட்டவர், அன்று என் எதிரில் தரையில் உட்கார்ந்து, "அக்கா, எதுவா இருந்தாலும் சொல்லுங்கக்கா. நான் இருக்கேன்" என்றார். அழுதார். நான் அழவில்லை. இவர் முழங்கால் அன்று அந்த ஒரு மணி நேரம் சுவரில் இடித்திருந்தால் என்ன குறைந்திருக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதுதான் தொடக்கம். வேறு எதுவும் அப்போது நினைக்கவில்லை.

இருபது நாள் கழித்து வேலைக்குத் திரும்பினேன். மூன்றாம் நாள் அவர் வந்தார். விமானத்தில் இரண்டு இருக்கை காலியாக இருந்தது. "இன்னைக்கு பாரம் ஜாஸ்தி கேப்டன், ஆள் ஏத்த முடியாதுன்னுட்டாங்க" என்றேன். எங்கள் விமானம் சிறியது, சரக்கு அதிகமானால் இருக்கை காலியாக இருந்தும் ஆளை விடமாட்டோம். இதை மற்றவர்களைவிட ஒரு விமானிதான் உடனே நம்புவார். அவரும் நம்பினார். "மடக்கு சீட்?" என்றார். கேட்டு வருகிறேன் என்று வெயிலில் இறங்கி நடந்து, இறக்கையின் நிழலில் நின்று மனதுக்குள் அறுபது வரை எண்ணிவிட்டுத் திரும்பி வந்தேன்.

"கேப்டன் வேணாங்கறார்."

உங்கள் முதல் இரண்டு கேள்விகளுக்கு இதுதான் பதில். நீங்கள் குறித்து வைத்திருக்கும் பத்தொன்பது நாளில் ஒரு நாளும் பாரக் கட்டுப்பாடு இருக்கவில்லை. எந்தத் தலைமை விமானியிடமும் நான் கேட்கவில்லை.

ஒவ்வொரு முறையும் அப்படிச் செய்யவில்லை. செய்திருந்தால் அவர் வீட்டையோ வேலையையோ மாற்றியிருப்பார். மூன்றில் ஒரு முறை. மற்ற இரண்டு முறை நல்ல இருக்கையாகப் பார்த்து, ஜன்னலோரமாக, முன்வரிசையில் கொடுத்தேன். ஏறும்போதெல்லாம் அவர் கேட்பார், "பின்னாடி யாராவது இருக்காங்களாக்கா? நான் முன்னாடியே உக்காந்துக்கறேன், எனக்குப் பழக்கம்தான்." யாராவது இருந்தால் அனுப்புவேன். அப்படிப் பல குடும்பங்கள் அவரால் ஏறின. ஒரு கல்யாணப் பெண்ணின் தாய் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டது நினைவிருக்கிறது. நான் நியாயமாகத்தான் நடந்துகொண்டேன் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

விமானம் கிடைக்காத நாளில் அவர் காரை எடுத்துக்கொண்டு மலைப்பாதையில் போவார். ஏழு மணி நேரம் ஓட்டி, அங்கே போய்ச் சீருடை மாற்றி, விமானம் ஓட்டுவார். அவருக்குப் பின்னால் எழுபது பேர் உட்கார்ந்திருப்பார்கள். நீங்கள் கேட்பதற்கு முன் நானே சொல்கிறேன், அந்த எழுபது பேரைப் பற்றி நான் யோசித்தேன். ஒரு நாள் மாலை முழுக்க யோசித்தேன். பக்கத்தில் இன்னொரு விமானி இருக்கிறாரே என்று சமாதானமானேன். சிறு பிள்ளைகள் அதிகமாகப் போகும் பள்ளி விடுமுறை நாட்களில் அவரைத் தவறாமல் ஏற்றிவிட்டேன்.

நாளாக ஆக அவர் இளைத்தார். கண்ணுக்குக் கீழே கறுத்தது. என் மேசையில் சாய்ந்துகொண்டு பேசுவார்.

"எனக்கு ஒண்ணு தோணுதுக்கா. கேப்டன்களுக்கு என்ன புடிக்கலையா? இத்தன பேரு மாட்டேங்கறாங்க. நான் என்ன பண்ணேன்?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. ஒவ்வொருத்தருக்கு ஒவ்வொரு மூடு."

"நேர்ல கேக்கலாமான்னு பாத்தேன். கேட்டு, ஆமா புடிக்கலன்னு சொல்லிட்டா? மூணு மணி நேரம் பக்கத்துல உக்காந்து ஓட்டணுமே." சிரித்தார். "நீங்க ஒருத்தர்தான்க்கா எனக்காக வெயில்ல நடந்து போய்க் கேக்கறீங்க."

தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்தேன். குடித்தார்.

முதல் தாமதத்துக்கு வாய்மொழி எச்சரிக்கை. இரண்டாவதுக்குக் கடிதம். அந்தக் கடிதத்தை மனைவிக்குக் காட்டாமல் எனக்குக் காட்டினார். மூன்றாவது முறை பணிக்கு நேரத்தில் வராவிட்டால் வேலை போகும் என்று எழுதியிருந்தது. மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "பாப்பா என்ன கேக்கறா தெரியுமாக்கா? அப்பா, நீ பைலட்டா டிரைவரான்னு கேக்கறா" என்றார்.

என் கணவர் போய் ஒரு வருடமும் சில நாட்களும் ஆகியிருந்தன.

கடைசி நாளுக்கு முந்தின மதியம் அவர் தொலைபேசியில் கூப்பிட்டார். மறுநாள் மூன்று மணிக்கு அவருக்குப் பணி. மகளின் பள்ளி விழாவுக்காக அன்றுதான் காரில் வந்து சேர்ந்திருந்தார், மாமனாருக்கும் உடம்பு சரியில்லை, இரண்டு நாளில் நாலு மணி நேரம்கூடத் தூங்கவில்லை என்றார்.

"அக்கா, நாளைக்குக் காலைல ஃப்ளைட்டுக்கு டிக்கெட் வாங்கிடவா? ரிஸ்க் எடுக்க வேணாம்னு பாக்கறேன். இது போச்சுன்னா வேல போச்சு."

கணினியைப் பார்த்தேன். ஐந்து காலி. பட்டியலில் அவர் மட்டும்.

"அஞ்சு சீட் காலி இருக்கு. எதுக்கு டிக்கெட்டு? நான் இருக்கேன்ல" என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் அந்த வார்த்தைகளை முன்பே ஒரு முறை சொல்லியிருக்கிறேன் என்று தோன்றியது.

மறுநாள் ஏழு பத்து விமானத்துக்கு ஆறேகாலுக்கே வந்துவிட்டார். முகம் கழுவி, தலை படிய வாரி, சீருடையில் மடிப்புக் கலையாமல் வந்திருந்தார். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தார். அங்கேதான் உட்கார வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆறு ஐம்பத்தைந்துக்குக் கூப்பிட்டேன்.

"மருந்துப் பெட்டி நிறைய ஏத்திட்டாங்க கேப்டன். பாரம் இடிக்குது."

அவர் என் மேசை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"மடக்கு சீட் கேளுங்கக்கா. ஒரு ஆள்தானே? என் பையக்கூட இங்கயே விட்டுட்டுப் போறேன்."

போய்க் கேட்டு வந்தேன். அதாவது போய் வந்தேன்.

"அக்கா, இன்னொரு தடவ. ப்ளீஸ்க்கா. மூணாவது லெட்டர்னு சொல்லுங்க. என் பேரச் சொல்லாதீங்க வேணா, யாரோன்னு சொல்லுங்க."

இரண்டாம் முறையும் போனேன். இறக்கையின் கீழ் நின்று அறுபது வரை எண்ணினேன். தலைமை விமானி பக்கவாட்டு ஜன்னல் வழியாக என்னைப் பார்த்துக் கையை அசைத்தார். காலை வணக்கம் சொல்கிறார். நானும் அசைத்தேன். கூடத்தின் கண்ணாடிக்குப் பின்னால் நெற்றியை ஒட்டிவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு அந்தக் கை அசைவு மறுப்பாகத்தான் தெரிந்திருக்கும். நான் திரும்பி வந்தபோது அவர் பையைக் கையில் எடுத்திருந்தார்.

"இப்ப கெளம்பினா ரெண்டு மணிக்குப் போயிடலாம் கேப்டன்" என்றேன். "மூணுக்குத்தானே ரிப்போர்ட்டிங். மத்தியான ஃப்ளைட்ட நம்பினா லேட்டாயிடும்."

மணியைப் பார்த்தார். "ஆமால்ல" என்றார். அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அதை நான்தான் வரவழைத்தேன்.

"பாத்து ஓட்டுங்க."

"தூங்காம இருக்கேன்க்கா. கவலப்படாதீங்க."

ஐந்து இருக்கை காலியோடு விமானம் நேரத்துக்குக் கிளம்பியது. பத்தரை மணிக்கு மலைப்பாதையின் பதினேழாவது வளைவில் அவர் கார் திரும்பவில்லை. நல்ல வெளிச்சம், மழை இல்லை, எதிரில் வண்டியும் இல்லை. சாலையில் நிறுத்த முயன்ற தடமே இல்லை என்று நீங்கள்தான் சொன்னீர்கள். தூங்கியிருப்பார்.

இறப்பு வீட்டில்தான் தலைமை விமானிகள் ஒருவருக்கொருவர் பேசிக்கொண்டார்கள். "என்கிட்ட ஒரு தடவ கேட்டிருந்தா மடில வெச்சுக் கூட்டிட்டுப் போயிருப்பேனே" என்று ஒருவர் சொன்னார். "என்கிட்டயும் கேக்கலையே" என்றார் அடுத்தவர். நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அங்கிருந்துதான் விஷயம் உங்களிடம் வந்தது என்று புரிகிறது.

அதற்காக நான் இதை எழுதவில்லை. விஷயம் வெளியே வராமலே போயிருந்தாலும் எழுதியிருப்பேனோ என்னவோ. அவருடைய மனைவி என்னிடம் பேசினார். அதனால் எழுதுகிறேன்.

பதினைந்து நாள் கழித்து நான் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். போவதுதான் முறை, அவர் என் வீட்டுக்கு வந்திருக்கிறார். சிறிய வீடு. வாசலில் அந்தப் பெண் குழந்தையின் மழைக்காலணி. உள்ளே ஒரு கயிற்றில் சீருடைச் சட்டைகள் மூன்று, தேய்க்காமல். அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்களப் பத்தித்தான்க்கா எப்பவும் பேசுவார். உங்களுக்கு ஒரு கடன் பட்டிருக்கேன்னு சொல்லிக்கிட்டே இருப்பார்."

"என்ன கடன்?"

"உங்க வீட்டுக்காரர் போனப்ப வந்தாரில்ல, அன்னைக்குத்தான் அவருக்கே தெரியும். உங்க வீட்டுக்காரர்தான் அடுத்த ஆளா வெயிட்டிங்ல இருந்தார்னு யாரோ சொன்னாங்களாம். வீட்டுக்கு வந்து ரெண்டு நாள் சாப்பிடல. 'நான் கேட்டேன், பின்னாடி யாராவது இருக்காங்களா, மடக்கு சீட்டுக்குப் போயிடவான்னு கேட்டேன். அக்கா யாரும் இல்லன்னாங்க. சொந்த ஆளுக்குச் சலுகை காட்டறதா யாரும் நெனச்சிடக் கூடாதுன்னு சொல்லாம இருந்திருக்காங்க. நான் இன்னொரு தடவ கேட்டிருக்கணும்' அப்படின்னு அழுதார்க்கா. அதுக்கப்புறம்தான் ஒவ்வொரு தடவையும் முன்னாடியே உக்காந்துக்கறேன்னு சொல்ல ஆரம்பிச்சாராம். உங்ககிட்ட இதப் பத்திப் பேச வேணாம், உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்னு என் வாயையும் அடைச்சுட்டார்."

அவள் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்தேன்.

ஆகவே, ஐயா, உங்கள் மூன்றாவது கேள்வி.

இல்லை. அன்று அவருக்குத் தெரியாது. அட்டையை வாங்கிக்கொண்டு, "மேடம், பின்னாடி வெயிட்டிங்ல யாராவது இருக்காங்களா? நான் காக்பிட்ல போயிடறேன்" என்று கேட்டார். எங்கள் நிலைய மேலாளர் என் தோளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அதற்கு முந்தின மாதம்தான் ஒரு பெண்ணை, தன் மைத்துனனுக்கு வரிசை மாற்றி இடம் கொடுத்ததற்காகப் பணிநீக்கம் செய்திருந்தார்கள். எனக்கு ஒரு கரும்புள்ளியும் கிடையாது. டிக்கெட் வாங்கியவரும் வரப்போவதில்லை, அந்த இருக்கை எப்படியும் எங்களுக்குத்தான், வீணாக எதற்கு ஒரு பேச்சு என்று நினைத்தேன்.

"யாரும் இல்ல கேப்டன். நீங்க வசதியா உக்காருங்க" என்றேன்.

அதைச் சொன்னபோது மூன்றாவது வரிசையில் என் கணவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிக்கொண்டிருந்தார்.

காலணியைக் கையில் பிடித்தவர் ஓடிவந்து ஏறிய பிறகும், விமானத்தின் கதவு நாலு நிமிடம் திறந்திருந்தது. இருபது தப்படி தூரம். நான் போய் அந்த விமானியின் தோளைத் தொட்டு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எழுந்து முன்னால் போயிருப்பார். அப்படிச் செய்தால் எண்ணிக்கையை மாற்ற வேண்டும், தாளை மறுபடி அச்சடிக்க வேண்டும், விமானம் ஆறேழு நிமிடம் தாமதமாகும். தாமதத்துக்குக் காரணம் என்று என் பெயரை எழுத வேண்டியிருக்கும். அதனால் கதவை மூடினேன்.

ஒரு வருடமாக அவர் அந்த இருக்கையை எடுத்துக்கொண்டார் என்றுதான் எனக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். நான் கொடுத்தேன் என்ற வார்த்தையை இந்தத் தாளில்தான் முதல் முறையாக எழுதுகிறேன். அவரைக் கொன்றதும் நான்தான். பத்தொன்பது தடவையில், கொஞ்சம் கொஞ்சமாக. மறுக்கவில்லை. நீங்கள் எங்கே காட்டுகிறீர்களோ அங்கே கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். என் பணிப் பதிவேட்டை நீங்கள் எடுத்துப் பார்ப்பீர்கள். அன்றைய ஒன்று நாற்பது விமானம் இரண்டு நிமிடம் முன்னதாகவே கிளம்பியது. இருபத்திரண்டு ஆண்டுகளில் என் வாயிலிலிருந்து ஒரு விமானம்கூட என்னால் தாமதமானதில்லை. அது இன்றும் அப்படியேதான் இருக்கிறது.